விரலில் போட்ட முடிச்சு

“முடிச்செல்லாம் அப்படியே இருக்கு தாயி. பாசியைத்தான் காணோம்.”

கித்தேரியான் வெறுங்கயிற்றைக் கொண்டுவந்து பிரகாசியின் முன்னால் போட்டார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். முழங்கால் சொன்னபடி கேட்காமல் போனதும் வள்ளத்தை விட்டுவிட்டு, கழிமுகத்தில் கஞ்சிப்பாசி என்ற கடற்பாசி வளர்க்கும் பெண்களோடு வந்து சேர்ந்தார்.

பிரகாசிக்கு முப்பத்திரண்டு. அந்தக் கழியில் பாசி விஷயத்தில் அவள் சொன்னதுதான் சட்டம். மகள் வயசுப் பெண்ணிடம் போய்த் தொழில் படிக்கிறாரே என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களுக்கு வேறு வேலை இல்லை.

வேலை என்னவோ சொல்வதற்கு லேசுதான். இரண்டு கம்புக்கு நடுவே கயிறு. கயிற்றில் சாணுக்கு ஒன்றாக விரல் நீளப் பாசித் துண்டை நைலான் நூலால் முடிந்துவிட வேண்டும். மிதப்பதற்குக் காலித் தண்ணீர் பாட்டில்கள். நாற்பத்தைந்து நாளில் செவசெவவென்று கொத்தாக வளர்ந்து நிற்கும். எல்லோருக்கும் நின்றது.

“இது ரெண்டாந்தரம் மாமா.”

“தெரியும்.”

மூன்று தரம் கட்டிப் பார்க்கலாம் என்பது கழியில் உள்ள வழக்கம். மூன்றும் பொய்த்தால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் சவேரியம்மா. அவள் தினமும் கரையில் வந்து நின்று அவருடைய கம்புகளைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

இடம் போனால் கித்தேரியான் திருப்பூருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கம்பெனி வாசலில் மகன் அவருக்கு வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருக்கிறான். அலை சத்தம் கேட்காத ஊரில் எப்படித் தூங்குவது என்பதுதான் அவருக்குக் கவலை.

“தண்ணியில எதும் கோளாறா தாயி?”

“எல்லாருக்கும் ஒரே தண்ணிதான்.”

“மீனு கடிக்குதோ?”

“உங்க பாசியை மட்டுமா கடிக்கும்? உங்க மேல அதுக்கென்ன கோவம்?”

“நாப்பது வருசம் புடிச்சிருக்கேன்ல.”

பிரகாசி சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“என் முடிச்சைக் குறை சொல்ல முடியாது. எந்தக் காத்துலயும் அவிழ்ந்ததில்ல.”

“அவிழ்ந்துச்சுன்னு யாரு சொன்னா?”

அவள் இடது கைச் சுட்டுவிரலை நீட்டினாள்.

“இதுல போடுங்க. பாசிக்குப் போடுற மாதிரியே.”

போட்டார். சும்மா சொல்லக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஒரு முடிச்சு.

பிரகாசி மறு கையால் கூடையைக் கிளறி விதைப்பாசி பொறுக்க ஆரம்பித்தாள். நல்ல கொழுந்து ஒரு பக்கம். முற்றியது ஒரு பக்கம்.

விரல் சிவந்தது. பிறகு கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது.

“தாயி, விரலு கறுக்குது.”

“கறுக்கட்டும்.”

“அவுத்துவிடவா?”

“அவுருங்க. அவிழ்ந்தா சரி.”

குனிந்தார். நகம் வைத்துப் பார்த்தார், பல் வைத்துப் பார்த்தார். அவிழவில்லை. அவர் போட்டதாயிற்றே. பேனாக்கத்தியை எடுத்து நூலை அறுத்தார்.

விரலைச் சுற்றி ஒரு பள்ளம். அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

“நான் இதுநாள் வரைக்கும் கட்டுனதெல்லாம் தப்பிச்சு ஓடப் பாக்குறது, தாயி.”

பிரகாசி விதைக் கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.

மூன்றாந்தரம் கட்டினார். ஒவ்வொரு முடிச்சிலும் சுண்டுவிரல் நுழைகிற இடம் விட்டார். ஓட்டத்தில் உருவிக்கொண்டு போய்விடுமே என்று கை தானாக இறுக்கப் போகும். ஒரு அடி போட்டு அதை அடக்குவார்.

நாற்பத்தைந்தாம் நாள் காலை. கடல் உள்வாங்கிய வற்றுத் தண்ணீர். மற்றவர்கள் பாட்டிலெல்லாம் வரிசையாக மிதந்து ஆடிக்கொண்டிருந்தன.

அவருடைய பாட்டில் ஒன்றுகூட இல்லை.

சவேரியம்மா தன் கம்புகளைத் தூக்கிக்கொண்டே வந்திருந்தாள்.

கித்தேரியான் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“போச்சு. திருப்பூருக்குக் காலையில எத்தனை மணிக்கு பஸ்ஸு?”

“உக்காந்த இடத்துலேருந்து என்ன தெரியும் மாமா?” என்றாள் பிரகாசி. “இறங்கிப் பாருங்க.”

இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் கால் முன்னே நகர மறுத்தது. என்னவோ கணுக்காலில் முட்டியது. குனிந்து துழாவினார். கயிறு. பிடித்துத் தூக்கினார்.

வரவில்லை.

மூச்சைப் பிடித்துத் தூக்கினார். அசைந்தது, மேலே வரவில்லை.

“தாயி, இதைத் தூக்க ஆளு வேணும்.”

நாலு பேர் இறங்கினார்கள். சவேரியம்மாவும் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்தாள்.

கயிறு மேலே வந்தது. கொத்து ஒவ்வொன்றும் ஒரு குடத்தளவு. சிவப்புச் சிவப்பாக நீர் ஒழுகிக்கொண்டு. பாட்டில்கள் பாரம் தாங்காமல் அடியில் போய், பாசிக்குள் சிக்கிக் கிடந்தன. பெண்கள் குலவை போட்டார்கள். அடுத்த கழியில் இருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கித்தேரியான் அழுதார். வெட்கப்படாமல் அழுதார்.

சவேரியம்மா ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். தண்டு பெருத்து, நூலுக்கும் பாசிக்கும் நடுவே நகம்கூட நுழையவில்லை.

“அடேயப்பா. இம்புட்டு இறுக்கமா எப்படிண்ணே கட்டுனீங்க?”

கித்தேரியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுட்டுவிரலை நீட்டினார்.

“இதுல ஒண்ணு போடு.”