கிளீட்டஸின் குரலைக் கரைக்குக் கொண்டுவருவது யார்?

கடலில் குரலுக்கும் ஓர் எல்லை உண்டு. படகிலிருக்கும் வயர்லெஸ் பெட்டியில் தொண்டை கிழியக் கத்தினாலும், ஒரு தூரத்துக்கு மேல் கரையில் கேட்காது. ஆழ்கடலில் இருப்பவன் சொல்வதை நடுவழியில் நிற்கும் படகுகள்தான் வாங்கிக் கரைக்குச் சொல்ல வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, சொல்லவே இல்லையே என்று என்னோடு சண்டைக்கு வரக் கூடாது.

குமரிக் கடற்கரையில் ஓர் ஊர். மாதா கோயிலை ஒட்டிய அறையில் ஊருக்கான வயர்லெஸ் பெட்டி இருந்தது. அதைக் கவனித்துவந்தவள் ஆக்னஸ். அன்று மதியமே வானம் கறுத்துவிட்டது. புயல் திசை மாறியதாகச் செய்தி வந்ததும் படகுகள் கரையை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தன. அப்போதுதான் கிளீட்டஸின் படகில் எஞ்சின் நின்றுபோய், காற்று இழுத்த பக்கமெல்லாம் அது போகிறது என்று தெரிந்தது. கிளீட்டஸின் மனைவி பிரிஸ்கா ஓடிவந்து ஆக்னஸின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஊர்ப் படகுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தில் இருப்பவன் கூப்பிட்டால், அது காதில் விழுந்த ஒவ்வொரு படகும் பதில் சொல்லியாக வேண்டும். பேசாமல் கடந்து போவது பாவம். நல்ல வழக்கம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் வயர்லெஸில் ஒரே நேரத்தில் பலர் பேசினால் எவர் பேச்சும் தேறாது. அன்று ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள், ஜெபம் சொன்னார்கள். கிளீட்டஸ் தான் இருக்கும் இடத்தைக் குறித்துச் சொன்ன எண்கள் அந்த இரைச்சலில் அடிபட்டுப் போயின.

“எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க,” என்றாள் ஆக்னஸ். “கிளீட்டஸு மட்டும் பேசட்டு.”

கிளீட்டஸ் மறுபடி சொன்னான். கரையில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. அவனுக்கும் கரைக்கும் இடையில் மூன்று படகுகள் வந்துகொண்டிருந்தன. என்ன கேட்டது என்று ஒவ்வொருவரிடமும் ஆக்னஸ் விசாரித்தாள்.

கிளீட்டஸுக்கு மிக அருகில் இருந்தவன் பெர்க்மான்ஸ். அவனுக்கு எல்லாமே தெளிவாகக் கேட்டிருந்தது. ஆனால் அலை அடித்து அவன் படகின் ஏரியல் கம்பி முறிந்திருந்தது. பக்கத்துப் பேச்சைக் கேட்க மிச்சக் கம்பி போதும், தூரத்துக்குப் பேசப் போதாது. அவன் பேச்சு கரைக்கும் மற்றப் படகுகளுக்கும் துண்டு துண்டாகவே வந்தது.

கரைக்கு மிக அருகில் இருந்தவன் சூசைநாதன். அவன் பேச்சு அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல இருந்தது. ஆனால் கிளீட்டஸ் சொன்னதில் கடைசி இரண்டு எண்கள் மட்டுமே அவன் காதில் விழுந்திருந்தன.

இருவருக்கும் நடுவில் வந்தவன் ததேயு. அவனுக்கும் இரைச்சலோடுதான் கேட்டது. அவன் சொன்னதும் இரைச்சலோடுதான் கரைக்கு வந்தது. ஆனால் எண்கள் முழுதாக வந்தன. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. கிளீட்டஸின் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல அவனால் ஆகாது.

ததேயு ஆக்னஸின் கணவன்.

மீட்புக் கப்பல் புறப்பட்டுவிட்டது. ஆனால் கிளீட்டஸின் படகு இழுபட்டுக்கொண்டே இருப்பதால், கப்பல் நெருங்கும்வரை அவன் சொல்லும் புதுப் புது எண்களைக் கரைக்குச் சொல்ல ஒரு படகு கடலில் நின்றாக வேண்டும். ஓர் எண் பிசகினாலும் கப்பல் வேறெங்கோ தேடும். ஒரு படகுக்கு மேல் நிற்க விடமாட்டேன் என்று துறைமுக அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பெர்க்மான்ஸ் துண்டு துண்டாகச் சொன்னான்: “நான்... நிக்கேன்... எனக்குத்தான்... நல்லா கேக்குது.”

“நான் நிக்கேன் ஆக்னஸு,” என்றான் சூசைநாதன். “காத்து முத்தினா நான் சட்டுனு கரையேறிருவேன்.”

கடைசியில் ததேயுவின் குரல் இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது. “நீ சொன்னா நான் நிக்கேன்.”

ஜன்னல் கதவைக் காற்று பிடுங்கப் பார்த்தது. ஆக்னஸ் பேசும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். பிரிஸ்கா ஆக்னஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: கிளீட்டஸுக்கு அருகில் இருப்பவனா, ஆபத்துக் குறைந்தவனா, கட்டிய கணவனா? ஆக்னஸ் யாரை நிற்கச் சொல்ல வேண்டும்?

விடை: ததேயுவை. இடையில் நிற்பவன் வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். பெர்க்மான்ஸ் வாங்குவான், அவனால் கொடுக்க முடியாது. சூசைநாதன் கொடுப்பான், ஆனால் ஒவ்வோர் எண்ணையும் மறுபடி கேட்டுக் கேட்டே கிளீட்டஸின் பேட்டரியைத் தீர்த்துவிடுவான். இரண்டு பக்கமும் சுமாராக இருந்தாலும், எந்தப் பக்கமும் அறுந்துபோகாதவன் ததேயு ஒருவன்தான். மூவரும் பேசி முடித்த நிமிடமே ஆக்னஸுக்கு இது தெரிந்துவிட்டது; பிரிஸ்காவுக்கும் தெரிந்துவிட்டது. ஆக்னஸ் பொத்தானை அழுத்தி, “நீங்க நில்லுங்க,” என்றாள். கப்பல் கிளீட்டஸின் ஆட்களை ஏற்றிக்கொண்டதைச் சொன்னதும் ததேயுதான். அதற்குள் காற்று அவனையும் ஆழத்துக்குத் தள்ளியிருந்தது; அதற்குப் பிறகு அவன் குரல் கரைக்கு எட்டவில்லை. நடுவில் நின்று அவன் பேச்சை வாங்கித் தர ஒரு படகும் அப்போது கடலில் இல்லை. கணவன் பிழைத்த செய்தி கேட்ட பிரிஸ்கா எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ததேயுவின் படகு கரை சேரும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.