மலைக்குதிரையைக் கெடுத்த கை

தேவனூத்து ஜமீன்தாரின் மலைக்குதிரை ஒருநாள் நொண்ட ஆரம்பித்தது. மூட்டையோடு பாறையேறும் இனம் அது. இப்போது குளம்பு அனலாய்ச் சுட, அடியெடுத்து வைக்கவே மறுத்தது.

"எவனோ செய்த வேலை! சாயங்காலத்துக்குள் ஆளைக் காட்டு. இல்லையென்றால் உனக்கு இங்கே வேலையில்லை" என்று லாயம் பார்க்கும் ஒச்சம்மாளிடம் ஜமீன்தார் கத்தினார்.

அவளுக்கு ஆள் யாரென்று தெரியும். நேராகச் சொல்லத்தான் பயம்.

"காட்டுறேன் சாமி. அந்த ஆளுக்கு என்ன தண்டனைன்னு முதல்ல சொல்லிடுங்க."

"ஒரு மாதம் லாயத்து வாசலை மிதிக்கக் கூடாது!"

"அப்போ எல்லாரும் குதிரைகிட்ட கையை நீட்டுங்க. நீங்களும்தான், சாமி."

வேலைக்காரர்களின் கைகளைக் குதிரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஜமீன்தாரின் கையை மட்டும் ஆவலாய் நக்கியது.

ஒச்சம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "தினமும் கருப்பட்டியும் கடலையுமா ஊட்டுனீங்க. காஞ்ச புல்லுல வளர்ந்த உடம்பு, சாமி. தாங்காம குளம்புல சூடு ஏறிடுச்சு."

ஜமீன்தார் தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஆசையாய்த்தான் ஊட்டியிருந்தார்.

குளம்பு நோகாமல் நிற்க மணல் பரப்பி, காய்ந்த புல் மட்டும் போட்டு அவள் பார்த்துக்கொண்டாள். அவர் தினமும் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்று, "சூடு இறங்கிச்சா, ஒச்சம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.