இறக்கி வைக்கிற கை

வேலூர்ப் பக்கம் ஒரு பளு தூக்கும் கூடம் இருந்தது. தகரக் கூரை, மூன்று மேடை, சுவரில் விரிசல் விட்ட ஒரு கண்ணாடி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தலைக்கு மேல் தூக்கிய கம்பியை யாரும் கையோடு கீழே கொண்டுவர மாட்டார்கள். மேலேயிருந்தே விட்டுவிடுவார்கள். அது ரப்பர் மேடையில் விழுந்து குதிக்கும். அந்தச் சத்தம் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் இன்றைக்கு யார் நன்றாகத் தூக்குகிறார் என்று சொல்லிவிடுவார்.

தூக்கியவருக்கு அந்தச் சத்தத்தில் ஒரு பெருமை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த விளையாட்டில் தூக்குவதற்குத்தான் மெடல், இறக்குவதற்குக் கிடையாது.

கூடத்தை நடத்தியவர் ரெஜினா. வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பத்து வயதுக்கு மேல் மூத்தவரான ஏழுமலைக்கும் மாஸ்டர்தான்.

ஏழுமலை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கூட்டாளிகள் தொப்பையைத் தடவிக்கொண்டு டிவி பார்க்கிற வயதில் பளு தூக்க வந்தார். அவருடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரைத் தூக்கி உட்கார வைக்க ஏழுமலையால் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அப்பா அன்று முழுவதும் யாருடனும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஏழுமலை கூடத்து வாசலில் நின்றார்.

சேர்ந்த பிறகு மெடல் ஆசையும் வந்துவிட்டது. அது வேறு கதை.

ஒருநாள் அவர் கம்பியைத் தொடாமல் ஓரமாக நின்றார். வலது முழங்கையில் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றியிருந்தார்.

"என்னாச்சுண்ணா?" என்றார் ரெஜினா.

"முழங்கை மாஸ்டர். வெளிப்பக்கம். சாவி திருகுனாக்கூட நோவுது."

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியே இருந்துச்சு. லீவு போட்டேன், போயிடுச்சு. திரும்பி வந்தேன், அதுவும் வந்துடுச்சு. திரும்ப லீவு போட்டேன்."

"திரும்பி வந்த அன்னைக்கு எவ்ளோ தூக்குனீங்க?"

"விட்ட எடத்துலேர்ந்துதான்."

கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தாங்களும் அதையே செய்தவர்கள் என்பதால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்கள்.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"இது சதை இல்லியாம். சதைய எலும்போட சேத்துக் கட்டுற நாணாம். சதை மாதிரி சட்டுனு ஆறாதாம். ஊசி போட்டா வலி அடங்கும், அத நம்பி தூக்குனா இன்னும் கெடும்ன்னாரு. சும்மாவே வச்சிருந்தாலும் பலம் வராதாம். கொஞ்சம் கொஞ்சமா பாரம் குடுத்துப் பழக்கணுமாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு."

ஏழுமலை குரலைத் தாழ்த்தினார். "நேத்து அப்பாவுக்கு டீ குடுக்கறப்ப டம்ளர் நழுவிடுச்சு மாஸ்டர். டம்ளர் போனா போவுது. நாளைக்கு அவர நழுவ விட்டுட்டா?"

ரெஜினா நடு மேடைக்குப் போனார். கம்பியில் பெரிய வட்டுகளை மாட்டச் சொன்னார். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் தூக்கி, இடுப்பளவில் அவர் கையில் கொடுத்துவிட்டு விலகினார்கள்.

அவர் இறக்கத் தொடங்கினார். முதலில் ஒன்றும் நடக்காதது போல் இருந்தது. பிறகு கம்பி தொடையைத் தாண்டியிருந்தது. பிறகு முழங்காலை. எப்போது நகர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது, ஆனால் முகத்தில் சுளிப்பு இல்லை. வட்டுகள் ரப்பரைத் தொட்டபோது சத்தமே வரவில்லை. அந்தக் கூடத்து மின்விசிறி கிறீச்சிடும் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

ஏழுமலைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதெல்லாம் மாஸ்டரால்தான் முடியும் என்று நினைத்தார். அவருடைய கோளாறு அங்கேதான்.

ரெஜினா அவர் கையில் ஒரு சின்ன டம்பெல்லைக் கொடுத்தார். குழந்தை கிலுகிலுப்பை அளவு இருந்தது.

"முன்கைய தொடை மேல வச்சிக்கோங்க. நல்ல கையால தாங்கி மணிக்கட்ட மேல ஏத்துங்க. எறக்கறது மட்டும் நோவுற கை. மெதுவா."

"எத்தன வாட்டி மாஸ்டர்?"

"எண்ணாதீங்க. மெதுவா."

"எப்ப பழைய வெயிட்டு தூக்கலாம்?"

ரெஜினா மேடையைத் துடைக்கப் போய்விட்டார்.

ஏழுமலை சொன்னதைச் செய்தார். செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை வேனில் உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே டம்பெல்லை ஏற்றி இறக்கினார். ஏற்றினார் என்பது சரி. இறக்கினார் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். மணிக்கட்டு தொப்பென்று கீழே போகும், மறுபடி மேலே வரும். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் சாப்பிடுவது போல் இருந்தது.

அப்படியும் வலி கொஞ்சம் குறைந்தது. கிலுகிலுப்பையைப் பார்த்தாலே அவருக்கு வெட்கமாக இருந்தது. ரெஜினா ஒரு போட்டிக்காக வெளியூர் போயிருந்த நாளில் அவர் நடு மேடையில் ஏறினார். பழைய எடையைத் தலைக்கு மேல் தூக்கினார். அங்கிருந்தே விட்டார்.

ஊர் திரும்பிய ரெஜினா டீ குடிக்க நின்றபோது, "நம்ம ஏழுமலைக்குக் கை சரியாயிடுச்சு போல. நேத்து சத்தம் சும்மா அதிர்ந்துச்சு" என்றார் கடைக்காரர்.

ரெஜினா டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஏழுமலை வீட்டு வாசலில் வேன் நின்றது. அன்று அது ஓடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க அவரால் முடியவில்லை. காலையில் அப்பாவை நாற்காலிக்கு மாற்றியது பக்கத்து வீட்டுக்காரர். உள்ளே பெரியவர் நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஏழுமலை தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர்" என்று எழுந்தார்.

பெரியவர் தலையைத் திருப்பினார். பேச்சு குழறியது. "நீதானாம்மா அந்த மாஸ்டரு? வா. எனக்குக் கட்டிலுக்குப் போற நேரம். இவன் அடுத்த வீட்டு ஆளுக்காகக் காத்துக்கினு இருக்கான்."

"அடுத்த வீட்டு ஆளு எதுக்கு?" என்றார் ரெஜினா. "அண்ணா, நீங்க வாங்க."

"வேணாம் மாஸ்டர். கையில பிடியே இல்ல. விட்டுடுவேன்."

"தூக்கறப்ப நான் பாதி. எறக்கறது நீங்க. பக்கத்துலதான் நிப்பேன்."

"விட்டுட்டேன்னா?"

"நான் புடிச்சிக்கிறேன்."

ஏழுமலை வேறு வழியில்லாமல் குனிந்தார். அப்பாவின் நல்ல கை அவர் கழுத்தைச் சுற்றியது. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் ரெஜினா. தூக்கும்போது ஏழுமலைக்கு முழங்கையில் சுருக்கென்றது, பல்லைக் கடித்துக்கொண்டார். கட்டிலுக்கு மேலே வந்ததும் ரெஜினா சொன்னபடியே கையை எடுத்துக்கொண்டார்.

இப்போது முழுப் பாரமும் ஏழுமலையிடம்.

அவர் மூச்சை அடக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. முதலில் அப்பாவின் இடுப்பு மெத்தையைத் தொட்டது. முதுகு சாய்ந்தது, அந்த முதுகுக்கு அடியிலேயே அவர் முன்கையும் கூடப் போனது. தலை தலையணையைச் சேரும்வரை உள்ளங்கை பிடரியைத் தாங்கியிருந்தது. கால்கள் ஒவ்வொன்றாக வந்தன. வாதத்தில் விழுந்துபோன இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாதபடி, அதை எடுத்து வயிற்றின் மேல் வைத்தார். ஒரு பழைய கட்டில் அது. யார் உட்கார்ந்தாலும் முனகும். அது முனகவில்லை. பெரியவர் பாதியிலேயே கண்ணை மூடியிருந்தார்.

ரெஜினா அசையாமல் நின்றார். எத்தனையோ மேடை பார்த்தவர். உலக அளவில் தூக்கியவர்களை நாலடி தூரத்திலிருந்து பார்த்தவர். இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. கும்பிட வேண்டும் போல் இருந்தது. கும்பிட்டால் ஏழுமலை கூச்சப்படுவார் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

"வலிச்சுதாண்ணா?" என்று கேட்டார்.

"தூக்கறப்ப வலிச்சுது."

"எறக்கறப்ப?"

ஏழுமலை யோசித்தார். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "தெரியல மாஸ்டர். நான் அவரப் பாத்துக்கினு இருந்தேன்."

"இத யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"இதுக்கெல்லாம் யாரு சொல்லித் தருவாங்க?"

ஜன்னல் மேடையில் அந்தச் சின்ன டம்பெல் இருந்தது. ரெஜினா அதை எடுத்து நீட்டினார்.

"இத ஒரு தடவ பண்ணுங்க. வேன்ல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே."

ஏழுமலை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முன்கையைத் தொடையில் வைத்தார். இடது கையால் ஏற்றினார். விட்டார். மணிக்கட்டு தொப்பென்று விழுந்தது. முகத்தைச் சுளித்தார்.

"அப்பாவ இப்படித்தான் எறக்குவீங்களா?"

ஏழுமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னா மாஸ்டர் நீங்க. அவரு எங்க அப்பா. இது இரும்பு."

"அது உங்களுக்குத் தெரியும்ணா" என்றார் ரெஜினா. "உங்க முழங்கைக்குத் தெரியுமா?"