வாயை அடைத்துக்கொண்ட கரடி வாத்தியார்

ஆறு வளைந்து ஓடும் ஒரு காட்டில், குழந்தைகளே, உறுமன் என்ற கரடி மல்யுத்தம் சொல்லிக்கொடுத்து வந்தது. ஆற்றங்கரை மண்ணைக் கொத்திப் பதமாக்கி, தானே ஒரு கோதா அமைத்திருந்தது. காலையில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு முதலில் உறுமனின் குரல் கேட்கும். கோதா அப்புறம்தான் கண்ணில் படும்.

"காலைப் பிடி, இடுப்பைத் தாழ்த்து, வலப்பக்கம் போ, வலப்பக்கம்" என்று அது ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். மாணவர்கள் ஒரு பிடி போடுவதற்குள் பத்து யோசனை சொல்லிவிடும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தன்னிடம் படிக்கிறவர்கள் யாரும் தோற்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த மாணவர்களில் ஆம்பல் என்ற நீர்நாய் மிகவும் சுறுசுறுப்பு. எந்தப் பிடியில் இருந்தும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் நடக்கும் பெரும்போட்டியில் இறங்க வேண்டும் என்று கோடை முழுவதும் அது பாடுபட்டிருந்தது.

அந்தச் சமயத்தில் காட்டுச் சபை ஒரு புது விதி போட்டது. முந்தைய ஆண்டுப் போட்டியில், வாத்தியார் விடாமல் தூண்டிவிட்டதால், ஒரு முயல் தன் தோள் எலும்பு முறியும்வரை மல்லுக்கட்டிவிட்டது. அதனால் இனிமேல் வாத்தியார்கள் எல்லோரும் மலைக்குப் போய் மேற்பயிற்சி முடிக்க வேண்டும். தேர்வில் தேறுகிறவர்களுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ள மஞ்சள் கச்சை தரப்படும். கச்சை இல்லாத வாத்தியாரின் மாணவர்களுக்குப் பெரும்போட்டியில் இடம் இல்லை என்று சபை சொல்லிவிட்டது.

உறுமனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தான் தேறாமல் போனால் ஆம்பலின் உழைப்பெல்லாம் வீணாகிவிடுமே என்று நினைத்து நினைத்துத் தூக்கத்தைத் தொலைத்தது. தேர்வுக்கு ஒவ்வொரு வாத்தியாரும் ஒரு மாணவரைக் கூட்டிவர வேண்டும் என்று தெரிந்ததும் ஆம்பல் தானே முன்வந்தது. இரண்டும் மலையேறின.

மலையில் பயிற்சி நடத்தியது ஓர் உடும்பு. இளமையில் அது கோதாவில் இறங்கிய காலத்தில், அதன் பிடியில் இருந்து யாரும் விடுபட்டது கிடையாது. வாத்தியார்கள் அதை மரியாதையாக உடும்பம்மா என்று அழைத்தார்கள்.

எலும்பும் மூட்டும் எப்படிப் பொருந்துகின்றன, கீழே விழும்போது அடிபடாமல் எப்படி விழுவது, போட்டிக்கு முந்தைய நாள் என்ன சாப்பிடலாம் என்றெல்லாம் உடும்பம்மா சொல்லித்தந்தது. உறுமன் எல்லாவற்றையும் ஆசையாகக் கற்றுக்கொண்டது. மற்ற வாத்தியார்கள் சந்தேகம் கேட்டு அதனிடம் வரும் அளவுக்குத் தேறிவிட்டது.

கடைசிப் பாடத்தில்தான் சிக்கல் வந்தது.

"ஆட்டம் நடக்கும்போது வாத்தியார் பேசக் கூடாது" என்றது உடும்பம்மா. "ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அனுமதி உண்டு. உங்கள் மாணவருக்கு ஆபத்து என்று தெரிந்தால், 'நிறுத்து' என்று சொல்லுங்கள். உடனே ஆட்டம் நின்றுவிடும். தேர்வில் நான் பார்க்கப்போவது இதைத்தான்."

முதல் ஒத்திகையில், ஆம்பல் கோதாவில் இறங்கிக் கண் இமைப்பதற்குள் உறுமன் "காலைப் பிடி" என்று கத்திவிட்டது. அடுத்த ஒத்திகையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தது. அப்படியும் "இடுப்பு, இடுப்பு" என்று வாய் தானாக முணுமுணுத்தது. உடும்பம்மா திட்டவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த வாத்தியாரைக் கூப்பிட்டது.

மறுநாள் தேர்வு. என்ன செய்வது என்று தெரியாமல் மலைச்சரிவில் அலைந்துகொண்டிருந்த உறுமனின் கண்ணில், ஒரு பாறை இடுக்கில் தேனீக்கள் விட்டுப்போன பழைய தேனடை பட்டது. அதில் தேனை விட மெழுகுதான் அதிகம். பிய்த்து வாயில் போட்டால் பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது. சிறிது நேரத்துக்கு ஒரு சொல் வெளியே வரவில்லை.

உறுமனுக்கு வழி பிறந்துவிட்டது. வாயில் இதை நிறைய அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கத்த நினைத்தாலும் முடியாது, தேர்வில் தேறிவிடலாம். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு, தேனடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பியது.

தேர்வு தொடங்கியது. ஆம்பலுக்கு எதிராக ஒரு மரநாய் கோதாவில் இறங்கியது. வாயை அடைத்துக்கொண்டு உறுமன் ஓரத்தில் உட்கார்ந்தது. எதிர்ப் பக்கத்தில் உடும்பம்மா.

மரநாய் ஒரு பக்கமாகப் பாய்ந்தது. ஆம்பல் வழக்கம்போல வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தது. குரல் வரவில்லை. அடுத்த பாய்ச்சலிலும் திரும்பிப் பார்த்தது. உறுமனின் வாய் மூடியே இருந்தது. விதி தெரிந்திருந்தும், தன் மேல் கோபமோ என்று ஆம்பல் பயந்துபோனது. அந்தத் தடுமாற்றத்தில் அதை மரநாய் எளிதாகத் தூக்கிப் போட்டது.

எழுந்து நின்றபோது ஆம்பல் திரும்பிப் பார்க்கவில்லை. மரநாயை மட்டும் பார்த்தது. மரநாய் மறுபடியும் பாய்ந்தபோது, ஆம்பல் அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்து, பின்னங்காலை வாரிவிட்டு, முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்படி ஒரு பிடியை உறுமன் அதற்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. அடைத்த வாயோடு தொடையில் தட்டிக்கொண்டது.

ஆட்டம் அதோடு முடியவில்லை. மரநாய் உருண்டு விடுவித்துக்கொண்டு, பின்னால் இருந்து ஆம்பலின் கழுத்தைக் கையால் வளைத்துப் பூட்டியது. கழுத்துப் பூட்டு விழுந்தால், தோல்வியை ஒப்புக்கொள்வதற்குத் தரையைத் தட்ட வேண்டும். ஆம்பலின் முன்கால்கள் இரண்டும் அதன் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தன. தட்ட முடியவில்லை. உடும்பம்மா இருந்த இடத்தில் இருந்து பார்த்தால் மரநாயின் முதுகுதான் தெரிந்தது.

உறுமன் இருந்த பக்கத்தில் இருந்து எல்லாம் தெரிந்தது. ஆம்பலின் கண்கள் செருகுவது தெரிந்தது. அடித்துக்கொண்டிருந்த வால் ஓய்ந்துபோனதும் தெரிந்தது.

நிறுத்து என்று சொல்ல வேண்டும். உறுமன் வாயைத் திறக்கப் பார்த்தது. மெழுகு இறுகிப் பல் பூட்டிக்கொண்டிருந்தது. "ம்ம், ம்ம்" என்ற சத்தம்தான் வந்தது. பக்கத்தில் இருந்த வாத்தியார்கள், கரடி உற்சாகத்தில் முனகுகிறது என்று நினைத்துச் சிரித்தார்கள். நகத்தால் மெழுகைத் தோண்டிப் பார்த்தது. வரவில்லை.

இனி நேரம் இல்லை. உறுமன் கோதாவுக்குள் குதித்தது. மரநாயின் பிடரியைப் பிடித்துத் தூக்கி ஓரமாக இறக்கிவிட்டு, ஆம்பலைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டது.

ஆம்பல் அசையவில்லை. உறுமன் அதன் முதுகைத் தேய்த்தது. நெஞ்சைத் தடவியது. உடும்பம்மா ஓடிவந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றது. சற்று நேரத்தில் ஆம்பல் இருமியது. ஆழமாக ஒரு மூச்சை இழுத்தது. பிறகு கண்ணைத் திறந்து, "வாத்தியாரே, நான் தோற்றுவிட்டேனா?" என்று கேட்டது.

உறுமனால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணில் இருந்து நீர் மட்டும் வழிந்தது.

உடும்பம்மா அதன் தாடையைப் பிடித்து அழுத்தியது. மெழுகுக் கட்டி கோதாவில் விழுந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். மரநாய், தட்டாததால் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லி ஆம்பலிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டது.

உறுமன் எதையும் மறைக்கவில்லை. எப்படியாவது தேற வேண்டும் என்று செய்த வேலை இது, தன்னை அனுப்பிவிட்டாலும் சரி, ஆம்பலுக்கு வேறு நல்ல வாத்தியாரைப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டது.

"நீ குதித்தது சரி" என்றது உடும்பம்மா. "ஆனால் ஒரு சொல்லில் நிற்க வேண்டிய ஆட்டம், நீ ஓடிவந்து பிரிக்கும்வரை நிற்கவில்லை. இன்றைக்கு உனக்குக் கச்சை கிடையாது. ஆம்பலின் கழுத்து ஆறட்டும். பிறகு இன்னொரு முறை வெறும் வாயோடு வந்து உட்கார்."

விரட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்த உறுமனுக்கு, இந்தச் சொல் கேட்டதும் பாதி பாரம் இறங்கியது.

ஆம்பல் சுகமாகும்வரை இரண்டும் ஒரு சுனைக்கரையில் தங்கின. ஒருநாள் உறுமன் தயங்கித் தயங்கிக் கேட்டது. "அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது உனக்குக் கஷ்டமாக இருந்ததா?"

"முதலில் பயமாக இருந்தது" என்றது ஆம்பல். "பிறகுதான் மரநாய் பாயுமுன் அதன் தோள் அசைவது எனக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் உங்கள் குரலைக் கேட்பதிலேயே இருந்துவிட்டேன் வாத்தியாரே. எதிரில் நிற்பவரைப் பார்த்ததே இல்லை."

உறுமனுக்கு இது புதுப் பாடமாக இருந்தது. பேசாமல் இருப்பது தனக்குத் தரப்படும் தண்டனை என்றுதான் அதுவரை அது எண்ணியிருந்தது.

மறுதேர்வு வந்தது. அதே மரநாய். இந்த முறை உறுமன் வெறும் வாயோடு உட்கார்ந்தது. ஆம்பல் சறுக்கியபோது கரடியின் நகங்கள் மண்ணைக் கீறின. "காலைப் பிடி" என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டது. கத்துவதை விட்டதும் பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தது. ஆம்பலின் மூச்சு, வால், கால் ஊன்றும் விதம், ஒவ்வொன்றையும் கவனித்தது.

ஆட்டத்தின் நடுவில் மரநாய் மறுபடியும் கழுத்தைப் பூட்டியது. வாத்தியார்கள் உறுமனைத் திரும்பிப் பார்த்தார்கள். உறுமன் ஆம்பலைப் பார்த்தது. முன்கால் ஒன்று விடுபட்டே இருந்தது. வால் துடிப்பாக அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஆபத்து இல்லை என்று கரடிக்குத் தெரிந்தது. வாய் தயாராக இருந்தது, திறக்கவில்லை. ஆம்பல் உடம்பை நெளித்து, வழுக்கி, வெளியே வந்துவிட்டது.

அந்த ஆட்டத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. நேரம் முடிந்தபோது இரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தபடி நின்றன.

உடும்பம்மா மஞ்சள் கச்சையைக் கொண்டுவந்து உறுமனின் இடுப்பில் சுற்றியது. கரடியின் தொப்பைக்கு அது எட்டவில்லை. ஆம்பல் ஒரு கொடியை அறுத்து வந்து இரு முனையையும் சேர்த்துக் கட்டியது. பெரும்போட்டியில் தனக்கு இடம் உண்டு என்ற சந்தோஷத்தில் முடிச்சை இரண்டு தடவை போட்டது.

உறுமன் நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிறகு, எத்தனையோ நாளாகத் தூங்காத அந்தக் கரடி, வெயில் பட்டுச் சூடாக இருந்த பாறையில் அப்படியே சாய்ந்து குறட்டை விடத் தொடங்கியது. மற்ற வாத்தியார்கள் அதன் தூக்கம் கெடாமல் சுற்றி வளைத்து நடந்து போனார்கள்.

நீதி: வாயை அடைத்துக்கொள்வது அடக்கம் ஆகாது, எப்போது பேச வேண்டும் என்று அறிந்து, அதுவரை பொறுத்திருப்பதே அடக்கம்.