ரோசா வயர்

"டீச்சர், இந்த ரோசா வயர் எதுக்குன்னு எனக்குச் சொல்லித் தரணும்."

கஸ்பார் வயரிங் படத்தைப் பிரகாசி டீச்சர் முன்னால் விரித்தான். அவன் கடற்கரையில், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவன். டீச்சர் மெக்கானிக்குகளுக்கு வகுப்பு எடுப்பவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"இத்தனை வருசமா இது கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. கேக்க வெக்கமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப வெக்கம் பாத்தா ஆகாது டீச்சர்."

போன மாதம் மீனவர் இன்னாசி தன் படகு எஞ்சினைக் கொண்டுவந்திருந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹார்ன் அலறுகிறது, வேகம் தானாகக் குறைகிறது என்றார். கஸ்பாருக்குக் காரணம் பிடிபடவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எஞ்சின் தலையிலிருந்து வந்த ரோசா வயரைக் கழட்டிப் பார்த்தான். அலறல் நின்றது. முனையில் டேப்பைச் சுற்றினான்.

"சரியாயிருச்சு அண்ணே."

நடுக்கடலில் அந்த எஞ்சின் கொதித்து, இறுகி நின்றுபோனது. குடிதண்ணீர் தீர்ந்து, இன்னாசியும் கூடப் போனவர்களும் பிழைப்போமா என்று கிடந்தபோது வேறொரு படகு கண்டு இழுத்து வந்தது.

என்ன ஆச்சு என்று ஊரே கேட்டது. கஸ்பார் எஞ்சினைத் திறந்து பார்த்தான். உள்ளே எல்லாம் கருகியிருந்தது.

"அண்ணன் பெட்ரோல்ல எண்ணெயச் சரியாக் கலக்கல" என்றான்.

அதற்குப் பிறகு இன்னாசியோடு ஒருவரும் கடலுக்குப் போகவில்லை.

நேற்று இன்னாசி கஸ்பாரின் கடை வாசலில் வந்து நின்றார். "நீ நல்லாச் செஞ்சு குடுத்ததை நான் கெடுத்துட்டேன்டே. மனசுல வச்சிக்கிடாத."

அதைக் கேட்டதிலிருந்து கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் ஒரு சொல்லையும் அவன் டீச்சரிடம் சொல்லவில்லை.

டீச்சர் எழுந்து போய் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தார். ஒரு பழைய எஞ்சினிலிருந்து எடுத்த சின்ன சுவிட்சை அதற்குள் தொங்கவிட்டார். அதன் இரண்டு முனைகளையும், மின்சாரம் ஓடினால் சத்தமிடும் மீட்டரில் மாட்டினார்.

சத்தமில்லை.

தண்ணீர் சுட்டது. ஆவி வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மீட்டர் கீச்சென்று கத்தியது.

"இது என்ன சொல்லுது?"

"சூடு ஏறிடுச்சுன்னு சொல்லுது."

"படத்துல விரலை வைங்க. இந்தச் சுவிட்சுல இருந்து வயரு எங்க போகுது?"

கஸ்பாரின் விரல் ரோசாக் கோட்டின் மேல் ஊர்ந்தது. "எஞ்சினோட கன்ட்ரோல் பெட்டிக்கு. அங்கேருந்து ஹார்னுக்கு."

"ஹார்ன் எங்க இருக்கு?"

"படகு ஓட்டுறவன் பக்கத்துல."

"வயரைக் கழட்டிட்டா?"

"சத்தம் வராது."

"சூடு?"

விரல் அங்கேயே நின்றது.

"டீச்சர்," என்றான் கஸ்பார். "இன்னாசி அண்ணன் எஞ்சினுல இதைக் கழட்டுனது நான்தான். எண்ணெய் மேல பழியப் போட்டதும் நான்தான்."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். திட்டுவார் என்று காத்திருந்தான். தேற்றுவார் என்றும் கொஞ்சம் காத்திருந்தான்.

டீச்சர் அடுப்பை அணைத்தார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? நானா படகு ஓட்டுதேன்?"

கஸ்பார் படத்தைச் சுருட்டக்கூட இல்லை. எழுந்து போனான்.

கடற்கரையில் படகுகள் கரையேறியிருந்தன. ஆட்கள் வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டிருந்தார்கள். இன்னாசி தள்ளி, தனியாக, தன் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். கஸ்பாரைக் கண்டதும் எழுந்து நின்று சிரிக்கப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு விசயம்."

"என்னடே, இப்பிடி வா. உக்காரு."

பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லிவிடலாம். இன்னாசி கோபித்தாலும் விசயம் இருவரோடு முடிந்துவிடும்.

கஸ்பார் உட்காரவில்லை. வலை உதறுகிறவர்கள் பக்கமாகத் திரும்பினான். கடல் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினான்.

"எல்லாரும் இங்க வாங்க!"