விரால் பார்த்த தண்ணீர்

மலையடிவாரக் காட்டில் மருதங்குளம் என்று ஒரு குளம் இருந்தது. மேலேயிருந்து வரும் ஓடை குளத்தில் விழும் இடத்தில், ஒரு தட்டைக் கல்லின் அடியில், உளுவை மீன் ஒன்று தன் முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்தது.

உளுவைகளில் முட்டைக்குக் காவல் தகப்பன்தான். கல்லின் அடிப்பக்கத்தில் முட்டைகள் ஒட்டியிருக்கும். தகப்பன் கீழே கிடந்து துடுப்புகளால் ஓயாமல் விசிறும். விசிறினால்தான் புதுத் தண்ணீர் முட்டைகளைத் தொடும். அது தொட்டால்தான் உள்ளே இருக்கும் உயிர்கள் மூச்சு விடும். குஞ்சுகள் வெளியே வரும்வரை தகப்பன் இரை தேடப் போகாது. கல்லை விட்டு நகராது.

பக்கத்தில் மேயும் கெண்டை அதற்குத் தோழி. கொஞ்சம் வாயாடி.

"என்ன உளுவை அண்ணே, சம்பந்தி வீட்டாருக்கு விசிறுகிற மாதிரி இப்படி விசிறுகிறீர்களே!"

"சிரிக்க வைக்காதே தங்கச்சி. தாளம் தப்பிவிடும்" என்றது உளுவை.

அந்த ஆண்டு ஓடையின் மேல்பக்கம் ஒரு நரி தொழில் தொடங்கியது. கற்றாழை மட்டைகளை நசுக்கிக் கட்டுக் கட்டாக ஓடையில் ஊறப்போட்டது. மட்டையின் சதை அழுகிக் கரைந்ததும் அடித்து அலசியது. வெள்ளை வெளேரென்று நார் கிடைத்தது. காடே அதைக் கொண்டாடியது. அணில்கள் கூட்டுக்குள் மெத்தை போட்டன. குரங்குகள் ஊஞ்சல் கட்டின. நாரைகூடத் தன் கூட்டின் குச்சிகளுக்கு மேல் அதைப் பரப்பிக்கொண்டது. ஆமையும் எருமையும் கரையில் அதை விரித்துப் படுத்தன.

நார் போன இடம் எல்லோருக்கும் தெரியும். அழுகிய சதை போன இடத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அது ஓடையோடு இறங்கிக் குளத்துக்கு வந்தது.

முதலில் வாடை வந்தது. பிறகு தண்ணீர் பழுப்பாயிற்று. பிறகு விடியற்காலைகளில் உளுவைக்கு மூச்சு வாங்கியது. எவ்வளவு விசிறினாலும் முட்டைகளைத் தொட்ட தண்ணீரில் உயிர் இல்லை.

"அண்ணே, எனக்கும்தான் செவுள் எரிகிறது. சபையில் போய்ச் சொல்லுங்கள்" என்றது கெண்டை.

"நான் எப்படிப் போவேன்? இவர்களுக்கு யார் விசிறுவார்கள்?"

"சரி, நான் போகிறேன். நீங்கள் தாளத்தை விடாதீர்கள்."

குளத்துச் சபை கரையில், மருத மரத்தின் அடியில் கூடும். ஆமை தலைவர். எருமையும் நாரையும் உறுப்பினர்கள். குளத்தின் சபைதான் அது, ஆனால் மீன்களுக்கு அதில் இடம் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. சபை கரையில் கூடும், மீன்களால் கரைக்கு வர முடியாது. அவ்வளவுதான்.

கெண்டை கரையோரத்துச் சேற்றுத் தண்ணீர் வரை வந்து தலையை நீட்டியது. நாரையின் கழுத்து தானாகத் திரும்பியது.

"நாரையாரே, சபை நடக்கும்போது யாரும் யாரையும் தின்னக் கூடாது" என்றது ஆமை.

"பார்த்தேன். பார்க்கவும் கூடாதா?" என்றது நாரை.

கெண்டை அவசரமாகப் பேசியது. "ஆமையாரே, தண்ணீர் கெட்டுப்போய்விட்டது. எங்களால் மூச்சு விட முடியவில்லை. ஓடை முகத்தில் உளுவை அண்ணன் முட்டை வைத்திருக்கிறார். நார் ஊறுவது நிற்காவிட்டால் ஒரு குஞ்சும் மிஞ்சாது."

எருமை அசை போடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னது. "நான் தினமும் அதில்தான் கிடக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. கொஞ்சம் கலங்கல்தான். கலங்கல் இருந்தால்தான் எனக்குத் தூக்கமே வரும்."

நரியும் அங்கே வந்திருந்தது. அது மிகவும் பணிவாக எழுந்து நின்றது.

"தங்கச்சி சொல்வதை நாம் தள்ளிவிடக் கூடாது. சோதித்துப் பார்த்துவிடலாம். ஆனால் யார் சோதிப்பது? நான் சோதித்தால் என் பக்கம் பேசுகிறேன் என்பார்கள். மீன்களில் ஒருவரே சோதிக்கட்டும். பெரியவராக, பொய் சொல்லாதவராக இருக்கட்டும். நம் விரால் அண்ணனை விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்?"

"நியாயம்" என்றது ஆமை.

"நல்ல நியாயம்" என்றது எருமை.

விரால் உண்மையாகவே பொய் சொல்லாத மீன். அது ஓடை முகத்துக்குப் போனது. காலை முழுவதும் அங்கே கிடந்தது. எப்போதும் செய்கிற மாதிரி, அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போனது. விரால்களுக்கு அது பழக்கம். நாம் கண் சிமிட்டுவதைப் போலத்தான்; செய்வதே அவற்றுக்குத் தெரியாது.

திரும்பி வந்து சபைக்குச் சொன்னது. "வாடை இருக்கிறது. நிறமும் சரியில்லை. ஆனால் மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. கண்டதைச் சொல்கிறேன்."

சபை அன்றே ஒரு விதி செய்தது. விராலுக்கு ஒத்துக்கொள்ளும் தண்ணீர் நல்ல தண்ணீர். விரால் மூச்சு விடும்வரை நார்த் தொழிலுக்குத் தடை இல்லை.

"ஆனால் நான் விரால் இல்லையே!" என்றது கெண்டை.

"அது உன் பலவீனம், தங்கச்சி. தண்ணீரைக் குறை சொல்லி என்ன பயன்?" என்றது நரி.

கெண்டை கல்லடிக்குத் திரும்பியது.

"என்ன சொன்னார்கள்?" என்று கேட்டது உளுவை. விசிறலை நிறுத்தவில்லை.

"தண்ணீர் நன்றாக இருக்கிறதாம்."

உளுவை முட்டைகளை அண்ணாந்து பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது. "அப்படியானால் நான்தான் சரியாக விசிறவில்லை போலிருக்கிறது."

அது இன்னும் வேகமாக விசிறத் தொடங்கியது.

நரிக்குத் தைரியம் வந்துவிட்டது. தன் மச்சான்களையும் மைத்துனர்களையும் அழைத்து வந்தது. ஓடையின் மேல்பக்கம் முழுவதும் கற்றாழைக் கட்டுகள் ஊறின. யாராவது மூக்கைப் பிடித்தால், "விரால் அண்ணனைக் கேளுங்கள்!" என்றது. விராலும் கேட்டவர்களுக்கு எல்லாம், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று உண்மையைச் சொன்னது.

ஒரு நாள் விடிந்தபோது குளத்தின் மேல் வெள்ளிக் காசுகளை இறைத்தாற்போல் கெண்டைகள் மிதந்தன. நாரை தன் உறவுகளை எல்லாம் கூப்பிட்டது.

"தேட வேண்டாம், துரத்த வேண்டாம். மீன் தானாக மேலே வருகிறது. இப்படி ஒரு செழிப்பை இந்தக் குளம் கண்டதே இல்லை!"

அன்று எல்லா நாரைகளும் வயிறு நிறையத் தின்றன. மறுநாள் வந்தபோது தின்ன ஒன்றும் இருக்கவில்லை. நாரையின் குஞ்சுகள் மெத்தென்ற நாரில் படுத்துக்கொண்டு பசியில் கத்தின. கெண்டைகள் தின்ன வேண்டிய கொசுப் புழுக்கள் எல்லாம் கொசுக்கள் ஆயின. எருமை வாலை வீசி வீசி ஓய்ந்துபோனது.

வாயாடிக் கெண்டை எப்படியோ பிழைத்திருந்தது. ஓடைத் தண்ணீர் எட்டாத தாமரை ஓரத்தில் ஒதுங்கி, இலைகளின் அடியில் வாயை வைத்துக் கிடந்தது. மூச்சு கொஞ்சம் தெளிந்ததும் கல்லடிக்குப் போய்ப் பார்த்தது.

முட்டைகள் வெளுத்துப் பஞ்சு போலப் பூஞ்சை பூத்திருந்தன. பாதி உயிரோடு உளுவை விசிறிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, போதும். வாருங்கள்."

"தெரியும் தங்கச்சி."

"தெரிந்துமா விசிறுகிறீர்கள்?"

"நிறுத்திவிட்டால் முடிந்துபோகும்" என்றது உளுவை.

கெண்டை எப்போதும் ஏதாவது சொல்கிற மீன். அன்று பேசாமல் பக்கத்தில் நின்றது.

அப்போது விரால் வந்தது. பெரிய உடம்பு, தயங்கித் தயங்கி வந்தது.

"கெண்டை, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்குக் குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. சிவப்புச் சிவப்பாக, கண் அளவுதான் இருக்கும். வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மேலே வந்து காற்றைக் குடியுங்கள் என்றேன். அவர்களுக்கு வரவில்லை. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை."

"உங்களுக்குப் பிறந்தபோதே வந்ததா அண்ணே?"

"இல்லை. வளர்ந்த பிறகுதான் வந்தது."

"அதுவரை எப்படி மூச்சு விட்டீர்கள்?"

"எல்லாரையும் போலத் தண்ணீரில்தான்" என்ற விரால், அங்கேயே அசையாமல் நின்றது. அதன் பார்வை கல்லின் அடியில் இருந்த வெள்ளைப் பஞ்சின் மேல் விழுந்தது. "நான் தண்ணீரைச் சோதிக்கவே இல்லை. மேலே இருக்கிற காற்றைத்தான் சோதித்திருக்கிறேன்."

"நீங்கள் பொய் சொல்லவில்லையே அண்ணே."

"இல்லை. அதுதான் கொடுமை" என்றது விரால். "வா, சபைக்குப் போவோம்."

சபை கூடியது. இந்த முறை யாரும் அசை போடவில்லை. விரால் நடந்ததைச் சொன்னது. நரி சிரித்தது.

"பெரியவருக்குக் கவலையில் புத்தி தடுமாறுகிறது. அன்று ஒன்று, இன்று ஒன்று. இவர் இன்னமும் மூச்சு விடுகிறாரா இல்லையா? விதி அதைத்தானே கேட்கிறது?"

ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தது. விதி என்றால் விதி அல்லவா?

கெண்டை சேற்றில் இன்னும் கொஞ்சம் முன்னே வந்தது. "ஆமையாரே, நீங்களும் தண்ணீரில்தான் இருக்கிறீர்கள். அடியில் மூச்சு முட்டினால் என்ன செய்வீர்கள்?"

"மேலே வருவேன்."

"எருமையாரே, நீங்கள்?"

"என் மூக்கு எப்போதும் வெளியேதான் இருக்கும்."

"நாரையார் கால் மட்டும்தான் நனைப்பார். நரியார் அதையும் நனைக்க மாட்டார். உங்கள் எல்லோருக்கும் மேலே போக இடம் இருக்கிறது. எனக்கு எங்கே இருக்கிறது?"

ஆமை எழுந்து குளத்துக்குள் இறங்கியது. ஓடை முகத்துக்கு நீந்திப் போய், அடிக்கு முங்கி, தட்டைக் கல்லருகே கிடந்தது. மூச்சு தாங்கும்வரை கிடந்தது. பிறகு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

"அங்கே ஒரு தகப்பன் செத்த முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருக்கிறார்" என்றது. "எனக்கு மூச்சு முட்டியது, மேலே வந்துவிட்டேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்."

நாரை தலையைக் குனிந்துகொண்டது.

நரி மட்டும் விடவில்லை. "எல்லாப் பழியும் என் மேலா? நான் போட்ட நாரில் படுத்துத் தூங்காதவர் இங்கே யார்?"

"யாரும் இல்லை" என்றது ஆமை. "அதனால்தான் இத்தனை நாள் எங்களுக்கு வாடை தெரியவில்லை."

அன்று சபை பழைய விதியை எடுத்துவிட்டது. ஓடையிலிருந்த கற்றாழைக் கட்டுகளை எல்லாம் கரையேற்றினார்கள். எருமையே கொம்பால் இழுத்துப் போட்டது. ஓடைக்கு எட்டாத மேட்டில் காட்டுப்பன்றிகள் ஒரு குழி தோண்டிக் கொடுத்தன. நார் வேண்டுமானால் அங்கே ஊறட்டும். அங்கே ஊறினால் நாட்கள் கூடுதலாகும், நார் கொஞ்சம் குறையும். அது போதும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

விராலின் குஞ்சுகளில் பாதி பிழைத்தன. உளுவையின் முட்டைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

புது விதி செய்ய வேண்டி வந்தபோது, கெண்டையைச் சபையில் சேரச் சொன்னார்கள்.

"நான் வேண்டாம். நான் ஒதுங்கிப் பிழைத்தவள். உளுவை அண்ணனைக் கேளுங்கள். ஆனால் அவர் இங்கே வர மாட்டார், நீங்கள்தான் அங்கே போக வேண்டும்" என்றது கெண்டை.

அப்படியே விதி ஆயிற்று. ஓடையிலோ குளத்திலோ யார் எதைப் போடுவதானாலும், முதலில் குளத்தின் அடியில் இருக்கும் உளுவையின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். ஆமை மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போய்க் கேட்டு வரும். அது சொல்வதே முடிவு.

மழைக்காலம் வந்து குளத்தைக் கழுவிவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு குழி வற்றியபோது, நரி ஒரே ஒரு கற்றாழைக் கட்டைச் சுமந்துகொண்டு ஓடைக்கரைக்கு வந்தது. குளத்தில் மீன்கள் பெருகியிருந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"ஒரு கட்டுதானே ஆமையாரே. இதைக்கூடவா கேட்க வேண்டும்?"

"கேட்டுவிட்டு வருகிறேன்" என்று ஆமை தண்ணீருக்குள் போனது.

நரி கட்டைத் தலையில் வைத்தபடியே நின்றது. எருமை பார்த்தது. நாரை பார்த்தது. சுமை கனத்தது. ஆனாலும் கீழே போடவில்லை.

ஆமை மேலே வந்து மூச்சு வாங்கியது.

"முட்டை வைத்திருக்கிறாராம். வேண்டாம் என்கிறார்."

"கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"அவருக்குப் பேச நேரமில்லை. விசிறிக்கொண்டிருக்கிறார்."

நரி முணுமுணுத்துக்கொண்டே, வந்த வழியே சுமையோடு மேட்டில் ஏறியது.

ஓர் இடம் வாழத் தகுந்ததா என்பதை அங்கிருந்து தப்பிக்க வழி உள்ளவரிடம் கேட்டு முடிவு செய்யக் கூடாது. தப்பிக்க வழியே இல்லாதவரிடம்தான் கேட்க வேண்டும்.