காது இரண்டு, மாமன் மூன்று

ஒரு காடு. பெயர் வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு முயல்குட்டியின் காதுதான் முக்கியம்.

அந்தக் காட்டில் தும்பை என்றொரு முயல் இருந்தது. அது வயிற்றில் குட்டியோடு இருந்தபோது பெருமழை பெய்து, கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேரையும் ஆறு கொண்டுபோய்விட்டது. தும்பையையும் இழுத்துக்கொண்டு போனது. ஒரு கரடி கழுத்தளவு தண்ணீரில் இறங்கித் தூக்கி வந்தது. நடுக்கம் நிற்பதற்குள்ளேயே தும்பை சொன்னது: "அண்ணே, எனக்குன்னு இனிமே யாரும் இல்ல. பொறக்குற குட்டிய உங்க மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்துவேன்."

குட்டி பிறந்தது. பஞ்சு என்று பெயர். அது பிறந்த நேரம், வெயில் கொளுத்தித் தரையில் ஒரு புல் இல்லை. ஒரு குரங்குதான் மரம் மரமாக ஏறி, இளந்தளிராகப் பார்த்துப் பறித்துப் போட்டது. தும்பைக்குப் பால் சுரந்ததே அதனால்தான்.

"எதுக்கு எனக்கு இவ்வளவு செய்யறீங்க?" என்று தும்பை கேட்டது.

குரங்கு தலையைச் சொறிந்தது. "எனக்குத் தங்கச்சியே கிடையாது. காதுகுத்துல என்னையும் மாமன்னு உக்கார வெப்பியா?"

வைக்கிறேன் என்று தும்பை வாக்குக் கொடுத்தது. கரடிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று கேட்காதீர்கள். காது இரண்டு இருக்கிறதே.

மூன்றாவது, ஆமை. அது யாரையும் வெள்ளத்திலிருந்து காப்பாற்றவில்லை. எதையும் பறித்துப் போடவில்லை. தும்பை இரை தேடப் போகும்போது குட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும், அவ்வளவுதான். பஞ்சு அழுதால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். பஞ்சு அழுகையை விட்டுவிட்டுத் தலையைத் தேடும். டபக்கென்று தலை வெளியே வரும். பஞ்சு உருண்டு உருண்டு சிரிக்கும். இந்த ஆமைக்குத் தும்பை எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆமை கேட்கவும் இல்லை.

காதுகுத்து நாள் வந்தது. கரடி தேனடையோடு வந்தது. குரங்கு ஒரு தார் வாழைப்பழம் தூக்கி வந்தது, ஆனால் வழியிலேயே பாதி காலி.

"மாமன் சீரை மாமனே தின்னா எப்படிய்யா?" என்றது கரடி.

"சுமந்தது நான்தானே!"

ஆமை எல்லாருக்கும் கடைசியாக, வெறுங்கையோடு வந்து ஓரமாக நின்றது.

மரங்கொத்திதான் ஆசாரி. அந்த அலகுக்கு வேறு ஊசி எதற்கு? முதல் காதைக் கரடி மடியில் வைத்துக் குத்தியாயிற்று. பஞ்சு போட்ட கூச்சலில் கிளிகள் கிளையை விட்டுப் பறந்தன. அடுத்த காதுக்குக் குரங்கு சம்மணம் போட்டு, மடியைத் தட்டித் துடைத்துவிட்டு உட்கார்ந்தது. பஞ்சு போகவில்லை. அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறியது: "ஆமை மாமா! ஆமை மாமாகிட்ட போறேன்!"

குரங்கின் முகம் சின்னதாகிவிட்டது. "தங்கச்சி, இத்தனை பேர் நடுவுல நான் எந்திரிச்சுப் போகணுமா?"

"சொன்னா சொன்னதுதான்," என்றது கரடி. "புள்ளன்னா அழும். அமுக்கிப் பிடிச்சா முடிஞ்சுது."

"நான் கண்ணுல படுறதாலதான் அது என்னைத் தேடுது. நான் போயிடுறேம்மா," என்று ஆமை திரும்பி நடந்தது. ஆனால் ஆமை ஒரு இடத்தை விட்டுப் போவதென்றால் சும்மாவா? அது நகர்ந்துகொண்டே இருந்தது. பஞ்சு அதையே பார்த்து அழுதுகொண்டே இருந்தது.

"யார் மடின்னு சீக்கிரம் சொல்லுங்க. எனக்குக் கொத்துறதுக்கு இன்னும் மரம் கெடக்கு," என்றது மரங்கொத்தி.

தும்பை நடுவில் நிற்கிறது. குரங்கை எழுப்பினால் ஓர் அண்ணன் போய்விடும். குட்டியை அமுக்கினால், தன்னைக் காப்பாற்றுவாள் என்று அது நம்பிக்கொண்டிருக்கும் அம்மாவும் அதற்கு இல்லாமல் போய்விடுவாள்.

கரடி, குரங்கு, ஆமை. இதில் யார் செய்தது சரி? பஞ்சு யார் மடியில் உட்கார வேண்டும்?

விடை: குரங்கு மடியில்தான். ஆமை என்று சொன்னவர்களே, ஆமைக்கு ஏது மடி? பசியில் கொடுத்த வாக்கை வயிறு நிறைந்ததும் மாற்றினால், அந்தக் குரங்கு இனி யாருக்குத் தளிர் பறித்துப் போடும்? அது தன் இடத்தைக் கேட்டது நியாயம். கரடி வாக்கைப் பற்றிச் சொன்னது சரி, அமுக்கச் சொன்னது தப்பு. பெரிய தப்பு செய்தது ஆமைதான். தான் விலகினால் சண்டை தீர்ந்துவிடும் என்று நல்லவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், தேடுகிறவர்கள் படும் பாட்டை நினைப்பதில்லை. தும்பை ஓடிப்போய் ஆமையை மறித்துக் கூட்டிவந்து குரங்குக்கு எதிரில் நிறுத்தியது. தலை உள்ளே போனது. குரங்கு மடியில் இருந்தபடி பஞ்சு எட்டிப் பார்த்தது. குரங்கும் சேர்ந்து எட்டிப் பார்த்தது. டபக்! தலை வந்தது, பஞ்சு சிரித்தது, மரங்கொத்தி குத்தியது. சாயங்காலம் கரடி கேட்டது, எந்தக் காது ரொம்ப வலித்தது என்று. பஞ்சு சொன்னது: "ஒரு காதுதானே மாமா குத்தினாங்க?"